முள் புதரில் மினி டிராக்டர்: டயர் இறங்கினால் எங்கே பார்ப்பது

பெங்களூர் ஓரத்தில் ஆனேக்கல், அத்திப்பள்ளி, சர்ஜாபுரா பக்கம் காலி சைட்டுகளைச் சுத்தம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. 24 எச்.பி. மினி டிராக்டர் ஒன்று, பின்னால் மாட்ட ஒரு ஸ்லாஷர் (சுழலும் கத்தியால் புதர் வெட்டும் கருவி), நல்ல சங்கிலி ஒன்று, ஓசூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் இரண்டு ஆட்கள். பெங்களூரில் சைட் வாங்கிப் போட்டுவிட்டு ஐந்து வருடம் எட்டிப் பார்க்காதவர்கள் திடீரென்று வீடு கட்டக் கிளம்புவார்கள். போய்ப் பார்த்தால் எல்லைக்கல்கூடத் தெரியாது. முள்ளும் புதரும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும்.

முதல் வருடம் டீசல் போட்டதைவிடப் பஞ்சர் போட்டதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரே நாளில் மூன்று முறை டயர் கழற்றி, அன்றைய கூலி முழுவதும் பஞ்சர் கடைக்கே போனதும் உண்டு. அப்போதெல்லாம் டயர் சரியில்லை என்று நினைத்தேன். டயர் மாற்றிய பிறகும் அதே கதை நடந்தபோதுதான் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். நிற்கிற முள் டயரைக் குத்துவது குறைவு. நாமே வெட்டிப் போட்டுவிட்டு, அதன் மேலேயே வண்டியை ஏற்றுகிறோமே, அந்த முள்தான் குத்துகிறது.

கீழே ஒவ்வொரு அறிகுறியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டிக்கு எது பொருந்துகிறதோ அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம். அதற்கு முன் ஒன்று: இறங்குவதற்கு முன்னால் அது என்ன முள் என்று பாருங்கள்.

நம் ஊரில் சீமைக் கருவேலம், வேலிக்காத்தான் என்று சொல்வதை இங்கே பல்லாரி ஜாலி என்கிறார்கள். நமக்குப் பல்லாரி என்றால் வெங்காயம், இங்கே முள். கணுவுக்கு இரண்டு முள், பச்சையாக இருக்கும்போதே டியூப் வரை போகும், காய்ந்தால் ஆணிதான். நாட்டுக் கருவேலத்தின் வெள்ளை முள் இன்னும் நீளம். உண்ணிச்செடி என்கிற லாண்டானா கையைக் கிழிக்குமே தவிர டிராக்டர் டயரை ஒன்றும் செய்யாது. ஆனால் அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியாது என்பதுதான் அதன் ஆபத்து. பழைய வேலி ஓரங்களில் ஆனைக்கற்றாழை இருக்கும். அதன் இலை நுனியில் கறுப்பாக ஒரு ஊசி உண்டு. இலை காய்ந்து மடிந்து மண்ணில் கிடந்தாலும் அந்த ஊசி மட்டும் மக்காமல் கிடக்கும்.

இரவு நன்றாக இருந்தது, காலையில் டயர் உட்கார்ந்திருக்கிறது

நிறைய பேர் உடனே டயரைக் கழற்றுவார்கள். முதலில் வால்வைப் பாருங்கள். கொஞ்சம் சோப்புத் தண்ணீரை வால்வு வாயில் விட்டால் குமிழி வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மூடி இல்லாத வால்வில் செம்மண் புகுந்து, வால்வு பின் சரியாக உட்காராமல் இருக்கும். பின்னைக் கழற்றித் துடைத்து முடுக்கினால் முடிந்தது. நான் இப்படி வீணாகக் கழற்றிய டயர் குறைந்தது நான்கு இருக்கும்.

வால்வில் இல்லை என்றால் மறுபடி காற்று அடித்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிக்கொண்டே சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். செம்மண்ணில் ஜாக்கி வைக்கும்போது அடியில் அகலமான பலகை போடுங்கள். மழை பெய்த மண்ணில் ஜாக்கி மெதுவாக உள்ளே இறங்குவது நாம் சக்கரத்துக்கு அருகில் குனிந்திருக்கும்போதுதான் நடக்கும். மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஸ்லாஷர் தரையில் இறங்கியிருக்கட்டும்.

டயரின் மேல் மேடாக நிற்கும் ரப்பர் கட்டைகளைப் பட்டன் என்போம். பெரும்பாலும் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் முள் இருக்கும். அங்கேதான் ரப்பர் மெல்லியது. முள் தெரிந்ததும் குறட்டால் பிடுங்கத் தோன்றும். பொறுங்கள். முள்ளே அடைப்பானாகக் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். பிடுங்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடும். இடத்தைச் சாக்கட்டியால் குறித்துவிட்டு, காற்றை நிரப்பி, பஞ்சர் கடை பக்கத்தில் இருந்தால் மெதுவாக ஓட்டிப் போய்விடலாம். தூரம் என்றால் சக்கரத்தைக் கழற்றி ஆட்டோவில் எடுத்துப் போவதே லாபம். காற்று இல்லாத டயரில் நூறடி ஓட்டினால்கூட டியூப் உள்ளே கசங்கிக் கிழிந்து போகும், டயரின் பக்கவாட்டு நூலும் முறியும்.

பஞ்சர் போட்டு இரண்டாம் நாளே மறுபடி இறங்குகிறது

இது கடைக்காரர் தப்பும் இருக்கலாம், நம் தப்பும் இருக்கலாம். பேட்ச் பிரிந்திருந்தால் அவர் தப்பு. பேட்ச்சுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஊசித்துளை இருந்தால் முள்ளின் முனை இன்னும் டயருக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

முள் குத்தும்போது வெளியே இருக்கும் பாகம் ஒடிந்து விழுந்துவிடும். முனை மட்டும் அரை அங்குல நீளத்துக்கு ரப்பரில் புதைந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புக்குள் கறுப்பு, ஒன்றுமே தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் டயர் தரையில் அமுங்கும்போது அது மயிரிழை மயிரிழையாக உள்ளே நகரும். அதனால்தான் முள் குத்தியது திங்கட்கிழமை, காற்று இறங்குவது வியாழக்கிழமை.

நான் போகிற பஞ்சர் கடை அண்ணன் சேலத்துக்காரர். அவரிடம் கற்றுக்கொண்டதுதான் இது. டயரைப் பிரிக்கும் முன், வால்வுக்கு நேரே டயரில் ஒரு சாக்கட்டிக் கோடு போடுவார். டியூபை வெளியே எடுத்து, காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் பிடித்து ஓட்டையைக் கண்டதும் டியூபை அப்படியே டயருக்குப் பக்கத்தில், வால்வைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்ப்பார். ஓட்டை எந்த இடத்துக்கு எதிரே வருகிறதோ அங்கேதான் முள். கோடு போடாமல் பிரித்துவிட்டால் டயர் முழுக்கத் தேட வேண்டும். டியூபை எந்தப் பக்கம் திருப்பி எடுத்தோம் என்பதும் மறந்துவிடும் என்பதால் வெளிப்பக்கம் ஒரு பெருக்கல் குறியும் போட்டு வைப்பார்.

அதன் பிறகு கையை விட்டுத் தடவக் கூடாது. நான் ஒருமுறை தடவி, விரல் நுனியில் முனை ஒடிந்து, இரண்டு நாள் அரிவாள் பிடிக்க முடியவில்லை. அண்ணன் பழைய பனியன் துணியைச் சுருட்டி டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு சுற்றுத் தேய்ப்பார். முனை இருக்கும் இடத்தில் நூல் மாட்டி இழுபடும். ஒன்று கிடைத்ததும் நிறுத்த மாட்டார். ஒருநாள் என் முன் டயர் ஒன்றில் அப்படிப் பதினொரு முனை எடுத்தார். ஓட்டை இருந்ததோ இரண்டுதான். மீதி ஒன்பதும் வழியில் இருந்தன.

"தம்பி, இது பஞ்சர் இல்ல, அறுவடை" என்றார்.

உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதை உள்ளிருந்து பிடுங்க வராவிட்டால், சின்ன ஆணியின் மொட்டைப் பக்கத்தை வைத்துத் தட்டி வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். எடுத்த பிறகு துணியால் இன்னொரு சுற்று. அப்புறம்தான் டியூப் உள்ளே போக வேண்டும். டியூபுக்கும் டயருக்கும் நடுவே பவுடர் தூவச் சொல்லுங்கள். காய்ந்த ரப்பர் ஒன்றோடொன்று உரசியே டியூப் தேயும்.

வெட்டி முடித்த இடத்தில்தான் அதிகமாகக் குத்துகிறது

எல்லாரும் வருவது இங்கேதான். புதர் நிற்கும்போது கிளைகள் வளைந்து கொடுக்கும், டயர் தள்ளிக்கொண்டு போய்விடும். வெட்டிச் சாய்த்த கிளை தரையில் மல்லாந்து கிடக்கும். அடியில் கெட்டி மண், மேலே ஒரு டன் எடை, நடுவில் முள். அது போக வேறு வழி இல்லை, ரப்பருக்குள்தான் போகும்.

ஸ்லாஷர் இதை இன்னும் மோசமாக்கும். பின்னால் மாட்டிய ஸ்லாஷரோடு முன்னோக்கிப் போனால் நான்கு டயரும் புதரை மிதித்த பிறகுதான் கத்தி அதை வெட்டுகிறது. திரும்பி வரும்போது, கத்தி துண்டு துண்டாக நறுக்கிப் போட்ட முள்ளின் மேல் ஓட்டுகிறோம். ஒரு முழுக் கிளையை எடுத்துப் போட்டுவிடலாம். நாலு அங்குலத் துண்டு இருநூறை யார் பொறுக்குவது? அதனால் என் வேலையில் கருவேலத்துக்கு ஸ்லாஷர் கிடையாது. லாண்டானா, புல், பார்த்தீனியம், விரல் கனத்துக்குள் இருக்கும் முள்ளில்லாத செடிகள், இவற்றுக்கு மட்டும்தான். ரோட்டாவேட்டர் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் அதை இறக்கி ஓட்டிவிடலாம் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். முள்ளை மண்ணோடு சேர்த்துப் பிசைந்து வைத்தது போல ஆகிவிடும். அந்த இடத்தில் கொத்தனார் செருப்பும் தப்பாது.

நான் இப்போது செய்யும் வரிசையைச் சொல்கிறேன். ரோட்டோரத்திலிருந்து ஆரம்பிப்போம். வண்டியின் அகலத்தோடு இருபுறமும் இரண்டடி சேர்த்து ஒரு பாதையை ஆட்கள் கையால் வெட்டித் திறப்பார்கள். நீளக் கைப்பிடி அரிவாள், கவைக்கம்பு, தடித்த தோல் கையுறை. எங்கள் ஊர் பரமக்குடிப் பக்கம். அங்கே கரிமூட்டத்துக்குக் கருவேலம் வெட்டுகிறவர்கள் கிளையைக் கவையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அடியில் ஒரே வெட்டு வெட்டுவார்கள். கை முள்ளுக்குப் பக்கத்திலேயே போகாது. அதே முறைதான்.

வெட்டிய கிளையை அடிப்பக்கத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். அடி முன்னே போனால் சிம்புகள் மடங்கிக்கொண்டு பின்னாலேயே வரும். நுனியைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு சிம்பும் தரையைப் பிறாண்டி ஒடிந்து, முள்ளை வழியெல்லாம் விதைத்துக்கொண்டு வரும். குவியலையும் ஒரே இடத்தில், வண்டி இனி போகவே தேவையில்லாத மூலையில் போடுங்கள். நான் முதல் வருடம் அங்கங்கே சின்னச் சின்னக் குவியலாகப் போட்டேன். ஒவ்வொரு குவியலை அள்ளிய இடமும் ஒரு கண்ணிவெடி.

பாதை திறந்ததும் இரும்பு வாரியால் வாரி, பிறகுதான் டிராக்டர் உள்ளே வரும். வந்து நின்ற இடத்திலிருந்து இருபுறமும் உள்ள புதர்களைச் சங்கிலியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, முன்னோக்கி இழுத்துக்கொண்டே வெளியே போகிறோம். வண்டிக்கு முன்னால் எப்போதும் சுத்தமான தரை, முள் எல்லாம் பின்னால். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு எனக்கு வாரக்கணக்கில் பஞ்சர் இல்லாமல் போயிருக்கிறது.

சங்கிலி கட்டும்போது ஒன்றை மறக்க வேண்டாம். பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைப் பட்டையில்தான் மாட்ட வேண்டும். ஸ்லாஷர் மாட்டும் மேல் இணைப்பிலோ, உயர்த்திய லிஃப்ட் கைகளிலோ மாட்டி இழுத்தால் வேர் அசையாதபோது முன்சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழும். டயர் போனால் வாங்கிக்கொள்ளலாம். மினி டிராக்டருக்கு மணிக்கட்டு கனத்துக்கு மேல் இருக்கும் கருவேலம் ஒத்துவராது. அதற்கு ஜே.சி.பி.யை அரை நாள் வாடகைக்கு எடுங்கள். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு வந்து ஊரெல்லாம் கருவேலம் பிடுங்கியபோது எங்கள் பக்கம் ஜே.சி.பி.க்கு இருந்த கிராக்கி சொல்லி மாளாது. பெரிய தூர் அப்படித்தான் வரும்.

லாண்டானாவுக்கு ஸ்லாஷர் ஓட்டும்போதும் நான் முதல் சுற்றைப் பின்னோக்கித்தான் ஓட்டுவேன். கத்தி முன்னே போகும், டயர் வெட்டிய இடத்தில் மட்டும் போகும். கழுத்து வலிக்கும், மெதுவாகப் போகும், திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும், ஆட்கள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஸ்லாஷர் வீசும் கல் எவ்வளவு தூரம் போகும் என்பதை எதிர் வீட்டுக் கார் கண்ணாடி எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்துவிட்டது

முள் இப்படிக் கிழிக்காது. இது கட்டை. யாரோ முன்னால் வெட்டிவிட்டுப் போன தூரின் மிச்சம், அரையடி உயரத்தில், சாய்வாகச் சீவப்பட்டு, புல்லுக்குள் ஈட்டி போல நிற்கும். அரிவாளால் சாய்த்து வெட்டினால் முனை அப்படித்தான் வரும்.

வெட்டுவதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இரண்டே உயரம். ஒன்று, பிடுங்கப் போகிற தூராக இருந்தால் இடுப்பு உயரத்துக்கு விட்டுவிடு. தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும், சங்கிலி கட்டவும் வசதி. இல்லையென்றால் சுற்றிலும் மண்ணைத் தோண்டி மண்ணுக்குக் கீழே வெட்டு. நடுவில் எந்த உயரமும் வேண்டாம். கருவேலத்துக்கு மண்ணுக்குக் கீழே வெட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. அதன் மொட்டுகள் வேரும் தண்டும் சேரும் கழுத்தில்தான் இருக்கின்றன. தரைமட்டத்தில் வெட்டினால் அடுத்த மழைக்கு ஒன்றுக்குப் பத்தாகத் தழைக்கும்.

கிழிந்த டயரை என்ன செய்வது? பட்டன் பகுதியில் ஆணியளவு ஓட்டை என்றால் உள்ளே பேட்ச் போதும். இரண்டு விரல் நீளக் கிழிசல் என்றால் பழைய டயரில் வெட்டிய துண்டை உள்ளே வைத்துத் தருவார்கள், கேட்டர் என்பார்கள். வயலில் மெதுவாக ஓட்ட அது தாங்கும். பக்கவாட்டில் நூல் தெரியக் கிழிந்திருந்தால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அது ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து கொடுக்கும் இடம், ஒட்டியது நிற்காது. அதுவும் டிரெய்லர் இழுத்து ரோட்டில் போகிற வண்டியென்றால் டயரை மாற்றிவிடுங்கள்.

காற்று குறைவாக இருந்தாலும் பக்கவாட்டு அதிகம் அடிபடும். டயர் பிதுங்கி வெளியே வந்து தானாகவே கட்டையைத் தேடிப் போகும். வண்டிப் புத்தகத்தில் ஒரு அளவிலிருந்து இன்னொரு அளவு வரை என்று போட்டிருப்பார்கள். முள் வேலைக்கு நான் அதன் மேல்பக்கத்தை வைத்துக்கொள்கிறேன். அதற்கும் மேலே ஏற்றினால் டயர் தவில் போல விறைத்து, வெட்டு வாங்கத் தயாராக இருக்கும். மழை நாளில் இன்னும் கவனம் வேண்டும். ஈர ரப்பரைக் கூர்மையான எதுவும் சுலபமாக அறுக்கும். ஆனால் செம்மண் நனைந்திருந்தால்தான் வேர் சுகமாக வரும். அதனால் செப்டம்பர், அக்டோபர் மழை விட்டு இரண்டு நாள் கழித்து, மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் நாளைப் பார்த்துப் போகிறேன்.

முன் டயர் மட்டும் திரும்பத் திரும்ப

முன் டயர் சிறியது, மெல்லியது, முதலில் போய் மிதிப்பதும் அதுதான். ஆனாலும் பாதிக் காரணம் ஓட்டும் கைதான். நின்ற இடத்தில் ஸ்டீரிங்கை ஒடித்தால் டயர் தரையில் அரைத்துத் திரும்பும். படுத்துக் கிடந்த முள் எழுந்து நின்று குத்தும். வண்டி நகரும்போது மட்டும் திருப்புங்கள். திரும்புவதற்கென்று ஒரு இடத்தை வாரிச் சுத்தமாக வைத்துக்கொண்டு அங்கே போய்த் திரும்புங்கள்.

டயர் மாற்றும் நேரம் வந்தால், அதே அளவில் அதிக பிளை (டயருக்குள் இருக்கும் நூல் அடுக்கு) உள்ளதைக் கேளுங்கள். நாலு பிளைக்கும் எட்டு பிளைக்கும் முள்வேலையில் வித்தியாசம் தெரியும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டியில் டயர் அளவை மாற்றவே மாற்றாதீர்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரு கணக்கில் சுற்றும்படி கியர் அமைத்திருக்கிறார்கள். பெரிதாக இருக்கட்டும் என்று முன்னால் வேறு அளவு போட்டால் ஃபோர் வீல் போட்டதும் வண்டி இறுகும், கியர் எடுக்க வராது, டயர் தேயும். ஒரு முன் டயரில் காற்று ரொம்பக் குறைந்தாலும் இதே அறிகுறி லேசாகத் தெரியும்.

வால்வு அடியோடு பிய்ந்து வந்துவிட்டது

இரண்டு காரணம். கிளை மாட்டி இழுத்திருந்தால் வால்வு வளைந்து, தோல் உரிந்த தடம் இருக்கும். வால்வு சாய்ந்து, ரிம் ஓட்டையின் ஓரத்தில் அறுபட்டிருந்தால் டயர் ரிம்மில் வழுக்கியிருக்கிறது. காற்றுக் குறைவோடு வேரை இழுத்தால் ரிம் சுற்றும், டயர் பின்தங்கும், டியூபையும் கூடவே இழுக்கும். ரிம்மிலும் டயரிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் வழுக்குகிறது என்று வால்வு பிய்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சீலன்ட் ஊற்றியும் நிற்கவில்லை

டியூபுக்குள் ஊற்றி ஓட்டையை அடைக்கும் திரவம்தான் சீலன்ட். நல்லதுதான், சின்ன முள்ளுக்கு. ஆனால் அது டியூபின் உள்பக்கம் முழுக்கப் பூசினால்தான் வேலை செய்யும். டிராக்டர் புதருக்குள் நடை வேகத்தில் போகும். திரவம் அடியிலேயே தேங்கிக் கிடக்கும். ஊற்றிய உடனே நாலைந்து கிலோமீட்டர் ரோட்டில் ஓட்டிவிட்டு வாருங்கள். பாட்டிலில் போட்ட அளவைவிடக் குறைத்து ஊற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். பக்கவாட்டு ஓட்டைக்கும் கிழிசலுக்கும் இது உதவாது. பின் டயரில் எடைக்குத் தண்ணீர் நிரப்பியிருந்தால் சீலன்ட் வேண்டாம். தண்ணீர் டயரில் ஒரு வசதி உண்டு, ஓட்டை இருக்கும் இடத்தில் அதுவே ஈரம் காட்டிக் கொடுக்கும். சீலன்ட் ஊற்றிய டியூபைப் பஞ்சர் கடைக்குக் கொண்டு போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பசை பிடித்த இடத்தில் சொல்யூஷன் ஒட்டாது. சொல்லாமல் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

டயருக்குள் பழைய பெல்ட் துண்டை வளையமாக வைப்பவர்களும் உண்டு. ஓரத்தைச் சரிவாகச் சீவாமல் வைத்தால் அந்த ஓரமே டியூபை அறுக்கும். டயருக்குள் பூரா ரப்பர் நுரை நிரப்புவது பஞ்சரே இல்லாத வழி, ஆனால் எடை ஏறும், விலை அதிகம், திரும்பக் கழற்ற முடியாது. என் அளவு வேலைக்கு அது தேவையில்லை.

வீட்டில் கம்ப்ரஸர் வைத்து டயரை ரிம்மில் ஏற்றுகிறவர்களுக்கு: பீட் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) உட்காரவில்லையே என்று 35 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றாதீர்கள். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி முயலுங்கள். நிற்கும்போதும் டயருக்கு நேரே நிற்க வேண்டாம்.

முள்ளே இல்லாத சைட்டில் பஞ்சர்

பெங்களூர் ஓரத்து காலி சைட்டில் முள்ளைவிட மோசமானது கட்டட இடிபாடு. இரவோடு இரவாக யாரோ ஒரு லோடு கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அதன் மேல் லாண்டானா படர்ந்து பசுமையாக இருக்கும். உள்ளே கம்பி, கட்டுக்கம்பி, ஆணி அடித்த சென்ட்ரிங் பலகை, டைல்ஸ் சில்லு, பீர் பாட்டில். கல் கம்பம் சாய்ந்து கிடந்தால் அதில் கட்டியிருந்த முள்கம்பியும் கூடவே கிடக்கும். அது ஸ்லாஷரில் சுற்றிக்கொண்டால் அரை நாள் போச்சு. எல்லைக்கல் இருக்கும் நான்கு மூலையையும் சைட்காரரிடம் கேட்டுக் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டுத்தான் நான் ஆரம்பிப்பேன். முதலில் நீளக் கம்பால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று நடந்து வாருங்கள். கண்ணாடி விரியன் இருந்தாலும் அப்போதே தெரியும்.

டயர் நன்றாக இருக்கிறது, என்ஜின் சூடேறுகிறது

ரேடியேட்டர் முன்னால் இருக்கும் வலையைப் பாருங்கள், விதையும் சருகும் அடைத்திருக்கும். மணிக்கொருமுறை நிறுத்தித் தட்டிவிட்டால் போதும். அப்படியே குனிந்து அடியில் ஹைட்ராலிக் ஹோஸ், ஒயர், டீசல் குழாய் எதிலாவது குச்சி செருகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

புதருக்குள் நேராக ஒரு இளமரம் தட்டுப்படுகிறது

லாண்டானா மண்டிய வரப்பில் எதிரெதிர் இலையும், சின்னக் கருஞ்சிவப்புப் பூவும், கறுப்புப் பழமும் உள்ள மரம் நின்றால் வண்டியை நிறுத்துங்கள். சந்தனமாக இருக்கலாம். பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்து வளர்கிற மரம் அது, புதர்தான் அதற்குத் தாய்வீடு. பறவை போட்ட விதையில் தானாக முளைத்திருக்கும். மனை சொந்தமாக இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் அதை வெட்டக் கூடாது. வேறு மரங்களுக்கும் கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சுற்றி நான்கடி விட்டுவிட்டு, மீதியைக் கையால் வெட்டச் சொல்லிவிட்டு, நான் சைட்காரருக்கு ஃபோன் போடுவேன். "சார், உங்க சைட்ல சந்தனமரம் மாதிரி ஒண்ணு நிக்குது" என்றால் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.